கையில் காயம், ஒப்பரேஷன், அன்டிபயோட்டிக்: கூடப் போகிறவர் தெரிந்திருக்க வேண்டியவை

கை வெட்டுப்பட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடும் உறவினர் அநேகமாக முதலில் கேட்பது, "டொக்டர், பழுக்காம இருக்க நல்ல பவரான அன்டிபயோட்டிக் எழுதித் தாங்க" என்பதுதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கைக்காயம் பழுக்காமல் காப்பதில் பெரிய பங்கு வேறு மூன்று விடயங்களுக்கு உண்டு: காயத்தை எவ்வளவு நன்றாகக் கழுவினார்கள், செத்த சதையையும் அழுக்கையும் எவ்வளவு ஒழுங்காக வெட்டி எடுத்தார்கள், ஒப்பரேஷனுக்கு முந்திய ஊசி சரியான நேரத்தில் ஏறியதா. எத்தனை நாள் குளிசை என்ற கேள்வி அவற்றுக்குப் பின்னால் வருவது. சில காயங்களுக்கு அது வருவதே இல்லை.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் முதன்முறையாக இந்த அலைச்சலுக்குள் அகப்படுகிறவர்களுக்காக எழுதியது இது. மருந்தைத் தெரிவு செய்வது வைத்தியரின் பொறுப்பு. எதை முன்கூட்டிச் சொல்வது, எதைக் கேட்பது, எதைச் செய்யாமல் விடுவது என்பவை உங்கள் கையில் இருக்கின்றன.

1. வயலிலோ வீட்டிலோ முதல் பத்து நிமிடம்

இரத்தம் ஓடினால் துப்புரவான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள்; பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் உடைகிறது. கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். மோதிரத்தையும் வளையலையும் அப்போதே கழற்றுங்கள். விரல் வீங்கிய பிறகு அவற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

மணிக்கட்டில் கயிறோ வயரோ சைக்கிள் டியூப்போ இறுக்கிக் கட்டுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற தவறு. அரைகுறையாக இறுக்கினால் இரத்தம் இன்னும் கூடுதலாகக் கசியும். முழுதாக இறுக்கி நேரம் போனால் நரம்பும் சதையும் சாகும். கை துண்டாகி, எவ்வளவு அழுத்தியும் இரத்தம் நிற்காத உயிராபத்தில் மட்டும் கட்டுங்கள். கட்டினால் மணியை எழுதி வையுங்கள்.

இரத்தம் அடங்கியதும் குடிக்கத் தகுந்த தண்ணீரைக் காயத்தின் மேல் 5 நிமிடமாவது ஓடவிடுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். தையல் போடும் சாதாரணக் காயங்களில் குழாய்த் தண்ணீருக்கும் சேலைனுக்கும் பழுப்பதில் வித்தியாசமில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாவித் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், வயல் தண்ணீர் வேண்டாம். எலும்பு தெரிகிற காயத்தைத் தேய்க்கவோ கிளறவோ கூடாது. மேலோட்டமாக அலசி, துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல், பற்பசை, கிறீஸ் எதையும் அப்பாதீர்கள். காயத்துக்குள் போன கோப்பித்தூளை ஒப்பரேஷன் மேசையில் துகள் துகளாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுபடாமல் உள்ளே தங்கிய துகளைச் சுற்றித்தான் சீழ் பிடிக்கும். அன்டிபயோட்டிக் தூளைக் கப்சூலிலிருந்து உடைத்துக் காயத்தில் தூவுவதும் இதே வகைத் தவறுதான்.

விரல் துண்டாகிப் போயிருந்தால் துண்டைத் தேடி எடுங்கள். அலசி, ஈரமான துப்புரவான துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் கட்டி துண்டில் நேராகப் படக் கூடாது. பட்டால் சதை உறைந்து செத்துவிடும். குளிரில் வைத்த விரலுக்கு ஏறத்தாழ 24 மணித்தியாலம் அவகாசம் உண்டு, குளிரில்லாமல் 12. மணிக்கட்டோடு போன கைக்கு அது பாதியாகக் குறையும், ஏனென்றால் அதில் தசை இருக்கிறது.

2. எங்கே போவது, என்ன கொண்டு போவது

1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் உட்கிராமங்களிலிருந்து அழைத்தால் வீதிச் சந்தி, பாடசாலை, கோயில் என்று ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். தோல் மட்டும் கிழிந்த காயத்துக்குப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை போதும். விரல் மடங்கவில்லை, நுனி மரத்துவிட்டது, எலும்பு தெரிகிறது, துண்டாகிவிட்டது என்றால் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள்: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள். கிட்ட இருப்பதற்கு முதலில் போய், அங்கிருந்து மாற்றினாலும் நட்டமில்லை. முதல் ஊசியும் எக்ஸ்ரேயும் அங்கேயே கிடைத்துவிடும்.

மாற்றும்போது தரும் கடிதத்தில், போட்ட அன்டிபயோட்டிக்கின் பெயர், அளவு, மணி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் அடுத்த இடத்தில் அதே மருந்தைத் திரும்பப் போடுவார்கள், அல்லது 'அங்கே போட்டிருப்பார்கள்' என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் மோசம்.

கையோடு இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய்க்கான கிளினிக் கொப்பி, இப்போது குடிக்கிற குளிசைகளின் உறை, பிள்ளையென்றால் தடுப்பூசி பதிந்த பிள்ளைச் சுகாதாரப் பதிவேடு. 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தாயோ தகப்பனோ வர வேண்டும். யாராவது வயலில் நின்றால் அப்போதே ஆள் அனுப்புங்கள்.

மருந்து ஒவ்வாமையை மட்டும் வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள். துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். எந்த மருந்து, எந்த வருடம், என்ன நடந்தது என்று மூன்று வரி போதும். குளிசை குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் தடித்தது, முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது, மயங்கி விழுந்தார் என்றால் அது உண்மையான ஒவ்வாமை. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தது என்பது பெரும்பாலும் பக்கவிளைவு. வயிற்றோட்டத்தை ஒவ்வாமை என்று பதியவைத்தால் காலம் முழுக்க நல்ல மருந்து ஒன்றை இழப்பீர்கள். அம்பாறையில் சிங்களம் பேசும் உத்தியோகத்தர் கூடுதல் என்பதால் "பெனிசிலின் அசாத்மிகய்" என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்து வைத்திருங்கள். பெனிசிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொருள்.

காயம் பட்டதிலிருந்து எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மயக்கம் கொடுக்கத் திட உணவு முடிந்து 6 மணித்தியாலமும், வெறும் தண்ணீர் குடித்து 2 மணித்தியாலமும் கடக்க வேண்டும். களைத்துப்போனார் என்று வழியில் கொடுத்த பால் தேநீரும் பணிசும் ஒப்பரேஷனை இரவுக்குத் தள்ளிவிடும்.

3. காயம் எந்த வகை?

அன்டிபயோட்டிக் வேண்டுமா என்பது காயத்தின் நீளத்தைப் பொறுத்ததல்ல. எதனால் பட்டது, எது உள்ளே போயிற்று, எலும்போ மூட்டோ திறந்ததா என்பவற்றைப் பொறுத்தது. ஆகவே "கத்தி வெட்டு" என்று மட்டும் சொல்லாமல், மீன் வெட்டிய கத்தியா, வயல் சேற்றில் கிடந்த தாக்கத்தியா என்று சொல்லுங்கள்.

சமையலறைக் கத்தி, கண்ணாடி, தகரம் போன்ற கூரானவற்றால் பட்ட துப்புரவான வெட்டு: நேரத்தோடு கழுவித் தைத்தால் குளிசை தேவையில்லை. கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பழுப்பதில் வித்தியாசமில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வைத்தியர் மருந்து எழுதாமல் அனுப்பினால் கவனிக்காமல் விட்டார் என்று எண்ணாதீர்கள்.

அதே வெட்டு தசைநாரையோ (விரலை மடக்கி நிமிர்த்தும் நார்) நரம்பையோ அறுத்திருந்தால் ஒப்பரேஷன் தேவை. அப்போது கத்தி வைக்குமுன் ஒரு தடவை ஊசி போடுவது பல இடங்களில் வழக்கம். பிறகு வீட்டுக்குக் குளிசை என்பது பெரும்பாலும் தேவைப்படாது. கண்ணாடி வெட்டில் தோலில் ஒரு சென்டிமீட்டர் கீறல்தான் இருக்கும், உள்ளே தசைநார் முழுதாக அறுந்திருக்கும். தையல் போடுமுன் ஒவ்வொரு விரலின் நுனி மூட்டையும் தனித்தனியே மடக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கதவிலும் தேங்காய் துருவும் மெசினிலும் நசுங்கிய விரல் நுனி: எக்ஸ்ரேயில் நுனி எலும்பு உடைந்திருக்கும், நகம் பெயர்ந்திருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்வதுதான் இதற்கு முதன்மையான மருந்து. கழுவினால் குளிசை இல்லாமலே பெரும்பாலும் ஆறும்.

வெட்டு மெசின், லேண்ட்மாஸ்டர் பெல்ட், அரிசி ஆலை, மரம் அரியும் வாள், கையிலேயே வெடித்த யானைவெடி: இவற்றில் சதை கிழிந்து நசுங்கி, எலும்பு உடைந்து, மண்ணும் உமியும் வெடிமருந்தும் உள்ளே போயிருக்கும். இங்கே அன்டிபயோட்டிக் கட்டாயம். அதுவும் ஒப்பரேஷன் நேரம் வரும்வரை காத்திராமல், விபத்துப் பிரிவில் வந்திறங்கியதும் நாளத்தில் ஏற வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற்றுவது இலக்கு. எருவோ வயல் மண்ணோ உள்ளே போயிருந்தால் ஒரு மருந்து போதாமல் இன்னொன்றும் சேர்ப்பார்கள். மண்ணில் இருக்கும் சில கிருமிகள் காற்றில்லாத ஆழத்தில் பெருகுபவை.

கடி: நாயோ பூனையோ மனிதனோ, கையில் கடித்தால் தடுப்பு அன்டிபயோட்டிக் தேவை. வழக்கமாகக் கோ-அமோக்சிக்ளாவ் 3 முதல் 5 நாள். பூனைப் பல் ஊசிபோல் மெல்லியது; வெளியே புள்ளி மட்டும் தெரியும், கிருமி மூட்டுக்குள் போயிருக்கும். சண்டையில் அடுத்தவர் பல்லில் குத்தி விரல் மொளியில் பட்ட காயத்தை மறைக்காதீர்கள். "தகரத்தில் பட்டது" என்று சொன்னால் வைத்தியர் சாதாரண வெட்டாக எண்ணித் தைத்துவிடுவார், இரண்டாம் நாள் மூட்டுக்குள் சீழ் கட்டும். விலங்குக் கடியை 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் அன்றே கேளுங்கள். அன்டிபயோட்டிக் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

வாவியிலும் கடலிலும் பட்டது: கெளுத்தி முள், திருக்கை முள், இறால் கொம்பு, நண்டுக் கடி. கெளுத்தி, திருக்கை விஷத்துக்குப் பொறுக்கக்கூடிய சுடுநீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மிகாமல், 30 முதல் 90 நிமிடம் கையை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். மரத்த கைக்குச் சூடு தெரியாது, ஆகவே மற்றக் கையால் சூட்டைப் பாருங்கள். உப்பு நீர்க் கிருமிகளுக்கு வழக்கமான மருந்துகள் சில வேலை செய்யாது. அதனால் "வாவியில் பட்டது" என்ற சொல் வைத்தியர் தெரிவு செய்யும் மருந்தையே மாற்றும். ஈரல் நோய் உள்ளவரும் சாராயப் பழக்கம் உள்ளவரும் இதில் தாமதிக்கவே கூடாது. அவர்களுக்குச் சில மணித்தியாலத்திலேயே கை கறுத்துக் கொப்புளிக்கலாம்.

கிறீஸ் கண், பெயின்ட் அடிக்கும் மெசின், டிரக்டர் ஹைட்ரோலிக் குழாய் பீச்சிய காயம்: விரலில் ஊசி குத்தியது போல ஒரு துளை மட்டும் தெரியும், முதலில் பெரிய வலியும் இராது. உள்ளே எண்ணெய் விரல் நெடுக ஓடிச் சதையைக் கொல்லும். ஊசி போட்டு, குளிசை எழுதி வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "அமுக்கத்தில பீச்சினது" என்று அழுத்திச் சொல்லி, சத்திரசிகிச்சை வைத்தியர் அன்றே பார்க்க வேண்டும் என்று நில்லுங்கள். 6 மணித்தியாலத்துக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரல் போகும் வாய்ப்பு வெகுவாகக் கூடும்.

4. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி வேறு, அன்டிபயோட்டிக் வேறு

இரண்டையும் ஒன்றாக எண்ணி "ஊசி போட்டாச்சு" என்று சொல்பவர்கள் அதிகம். துப்புரவான காயத்துக்குக் கடைசி ஏற்பு ஊசி போட்டு 10 வருடம் கடந்திருந்தால், அழுக்கான காயத்துக்கு 5 வருடம் கடந்திருந்தால் ஒன்று போட வேண்டும். பாடசாலையில் 12 வயதளவில் போடுவதே பலருக்குக் கடைசியாக இருக்கும். பெண்கள் கர்ப்பகாலத்தில் போட்டதையும் சொல்ல வேண்டும். ஒருபோதும் ஒழுங்காகத் தடுப்பூசி பெறாத மூத்தவர்களுக்கு அழுக்கான காயமென்றால் நோயெதிர்ப்புப் புரத ஊசியும் சேர்த்துத் தேவைப்படும். போட்ட திகதியைக் கிளினிக் கொப்பியில் பதிந்து வாங்குங்கள்.

5. ஒப்பரேஷனுக்கு முந்திய ஊசி: நேரம்

கவனம் முழுக்க இங்கே இருக்கட்டும். தடுப்பு ஊசி வேலை செய்வதற்கு, தோலில் கத்தி வைக்கும் அந்தக் கணத்தில் மருந்து கையின் சதைக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கத்தி வைப்பதற்கு முந்திய 60 நிமிடத்துக்குள் நாளத்தில் ஏற்ற வேண்டும். வன்கொமைசின் என்ற மருந்து இதற்கு விதிவிலக்கு. அதை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மெதுவாக ஏற்ற வேண்டியிருப்பதால் 2 மணித்தியாலம் முன்பே தொடங்குவார்கள். வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும், பிரஷர் இறங்கும்.

கை ஒப்பரேஷனில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தம் மறைக்காமல் தசைநாரையும் நரம்பையும் பார்ப்பதற்காக மேற்கையில் பட்டி கட்டிக் காற்றடித்து இரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். டூர்னிக்கே என்பது அதுதான். அது இறுகிய பிறகு நாளத்தில் போடும் மருந்து உடம்பெல்லாம் சுற்றும், காயம்பட்ட கைக்கு மட்டும் போகாது. ஆகவே பட்டி இறுகுவதற்குக் குறைந்தது 5, முடிந்தால் 10 நிமிடம் முன்பே ஊசி முழுதாக ஏறி முடிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் தவறுவது எங்கே? காலை 6 மணிக்கு வாட்டில் "தியேட்டருக்கு முந்திய ஊசி" என்று போட்டுவிடுவார்கள். அதற்கிடையில் அவசர சிசேரியன் ஒன்று வரும், வீதி விபத்து ஒன்று வரும், உங்கள் ஆளை உள்ளே எடுக்கப் பிற்பகல் 2 மணியாகும். காலையில் போட்ட மருந்தில் பெரும்பகுதி அதற்குள் சிறுநீரோடு வெளியேறியிருக்கும். போட்டதாகப் பதிவில் இருப்பதால் யாரும் திரும்பப் போடமாட்டார்கள். ஊசி மருந்து நோயாளியோடு தியேட்டருக்குப் போய் அங்கே மயக்க வைத்தியர் போடுவதுதான் சரியான முறை. கூட நிற்கிற நீங்கள் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "மிஸ், அன்டிபயோட்டிக் இங்கயா போடுறது, தியேட்டர்லயா?" ஒப்பரேஷன் தள்ளிப்போனால், "காலையில 6 மணிக்குப் போட்டது, திரும்பப் போடணுமா எண்டு ஒருக்கா டொக்டரிட்டக் கேக்கிறீங்களா?" என்று நினைவுபடுத்துங்கள். சண்டை பிடிக்கிற தொனி வேண்டாம். ஐம்பது பேரைப் பார்க்கிற வாட்டில் நேரத்தை நினைவூட்டுகிறவர் உதவியாளராகவே தெரிவார்.

வளர்ந்தவருக்கு வழக்கமான ஒரு தடவை அளவு செபாசோலின் 2 கிராம். 120 கிலோவும் அதற்கு மேலும் எடையென்றால் 3 கிராம். பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம். செபாசோலின் இல்லாத இடத்தில் செஃபுரொக்சிம் 1.5 கிராமோ கோ-அமோக்சிக்ளாவ் 1.2 கிராமோ போடுவார்கள். பெனிசிலின் ஒவ்வாமை கடுமையாக இருந்தவருக்குக் கிளிண்டமைசின். செபாசோலின் போட்ட ஒப்பரேஷன் 4 மணித்தியாலத்தைத் தாண்டினால் இடையில் இன்னொரு தடவை. இந்த அளவுகளைத் தந்திருப்பது அட்டையில் எழுதியிருப்பதை நீங்கள் விளங்கிக்கொள்வதற்காகவே, வீட்டில் போடுவதற்காக அல்ல.

பிள்ளையின் சரியான எடையைத் தெரிந்து வைத்திருங்கள். "இருபது இருக்கும்" என்ற ஊகத்தில் போட்டால் மருந்து குறையவோ கூடவோ செய்யும்.

விரல் கொளுவுதல், மணிக்கட்டு நரம்பு அழுத்தம் போன்ற, காயமில்லாத, திகதி குறித்துச் செய்யும் சிறு கை ஒப்பரேஷன்களுக்குத் தடுப்பு ஊசியே பொதுவாகத் தேவையில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குப் போடவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

6. எத்தனை நாள்

தடுப்புக்காகப் போடுவது என்றால் ஒரு தடவை, அதிகம் போனால் 24 மணித்தியாலம். எலும்பு உடைந்து திறந்த காயத்துக்கு 24 மணித்தியாலம். சதை பெருமளவு போய் மிகவும் அழுக்கானதென்றால் 72 மணித்தியாலம் வரை. கடிக்கு 3 முதல் 5 நாள். அதைத் தாண்டி நீட்டுவதால் பழுப்பது குறைவதில்லை. வயிற்றோட்டமும் தோல் தடிப்பும் கூடும், அடுத்த முறை மருந்துக்கு மசியாத கிருமி உடம்பில் தங்கும்.

"எங்கட மாமாவுக்குப் பத்து நாள் தந்தாங்களே" என்ற ஒப்பீடு இந்த இடத்தில்தான் வரும். மாமாவுக்குக் காயம் ஏற்கனவே பழுத்திருந்தால் அவர் குடித்தது சிகிச்சை. பழுக்குமுன் தடுப்பது வேறு, பழுத்ததைக் குணமாக்குவது வேறு. நாள் கணக்கும் வேறு. உங்களுக்கு எழுதியது எது என்று டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நேராகக் கேளுங்கள்.

உடைந்த எலும்பில் போட்ட கம்பி தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று, நான்கு கிழமை அது இருக்கும்வரை அன்டிபயோட்டிக் குடிக்க வேண்டும் என்று சிலர் தாங்களாகவே வாங்கிக் குடிக்கிறார்கள். கம்பிக்காக மட்டும் அது தேவையில்லை. கம்பியடி காய்ந்து துப்புரவாக இருந்தால் போதும்.

7. பாமசியும் செலவும்

அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷன், வாட், ஊசி, எக்ஸ்ரே எதற்கும் கட்டணமில்லை. உங்கள் பணம் போகிற இடங்கள் வேறு: இருப்பில் இல்லாத மருந்துக்கு வெளிச்சிட்டை, கூட நிற்பவரின் சாப்பாடும் போக்குவரத்தும், வேலை இழந்த நாட்கள். வெளிச்சிட்டை தந்தால், "இதுக்குப் பதிலா இங்க இருக்கிற வேற மருந்து சரிவருமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பல நேரம் சரிவரும். பாமசியில் மருந்தின் இரசாயனப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்பனிப் பெயர் மாறினால் விலை பல மடங்கு மாறும். பெட்டியில் அச்சிட்ட விலையைப் பார்த்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

எண்ணிக்கையை நீங்களே கணக்குப் பாருங்கள். 8 மணித்தியாலத்துக்கு ஒன்று 5 நாளைக்கு என்றால் 15 குளிசை. 6 மணித்தியாலத்துக்கு ஒன்று என்றால் 20. "இப்போதைக்கு ஒரு கார்ட் போதும்" என்று பத்தைத் தந்தால் நாலு நாள் ஆகுமுன்பே மருந்து முடிந்துவிடும்.

சிட்டை இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். காயத்தைக் காட்டி நாலு கப்சூல் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் இருந்து பார்ப்பதுதான் கைக்கு வரும் பெரிய கேடு. வலியும் வீக்கமும் சற்று அடங்கும், உள்ளே சீழ் தசைநார் உறை நெடுக ஓடும், வைத்தியசாலையில் எடுக்கிற சீழ்ப் பரிசோதனையிலும் கிருமி பிடிபடாமல் போகும்.

குடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கோ-அமோக்சிக்ளாவைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் குடியுங்கள். குளொக்சசிலினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் அல்லது இரண்டு மணித்தியாலம் பின். மெட்ரோனிடசோல் குடிக்கும் நாட்களிலும் முடிந்து 48 மணித்தியாலம் வரையும் கள்ளு, சாராயம் தொடக் கூடாது. டொக்சிசைக்கிளினை நிறையத் தண்ணீரோடு குடித்துவிட்டு அரை மணித்தியாலம் படுக்காதீர்கள்; பாலோடும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை.

8. வீட்டுக்கு வந்த பின்

கையை இருதய மட்டத்துக்கு மேல் வைத்திருங்கள், படுக்கும்போது தலையணையில். தொங்கவிட்ட கை வீங்கும், வீங்கிய கை பழுக்கும். கட்டு நனையக் கூடாது. மருந்து கட்டப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்கே போகலாம், டிக்கெட்டைக் கொண்டு போங்கள். கையில் போட்ட தையல் வழக்கமாக 10 முதல் 14 நாளில் வெட்டப்படும். சீனி வருத்தம் உள்ளவர் சீனியைக் கட்டுக்குள் வைத்திருப்பது எந்தக் குளிசையையும் விடக் காயத்துக்கு உதவும். புகைப்பவர் ஆறும்வரையாவது நிறுத்த வேண்டும். சிகரெட் விரலின் சிறு நாளங்களைச் சுருக்கும்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் கூடத் தொடங்கினால் கவனியுங்கள். விரல் முழுவதும் உருண்டு வீங்குவது, பாதி மடங்கியபடியே நிற்பது, உள்ளங்கைப் பக்கம் நெடுக அழுத்தினால் நோவது, மெல்ல நிமிர்த்தினால் உயிர்போவது போல வலிப்பது: இந்த நான்கும் தசைநார் உறைக்குள் சீழ் என்பதற்கான அடையாளங்கள். நான்கும் சேரும்வரை காத்திராதீர்கள். ஒன்றிரண்டு வந்தாலே, கிளினிக் திகதி எப்போதாக இருந்தாலும், இரவானாலும் கிளம்புங்கள். சிவப்புக் கோடு முழங்கைப் பக்கம் ஏறுவது, காய்ச்சல், துர்நாற்றம், தோல் கறுப்பது ஆகியவற்றுக்கும் அப்படியே.

வயல்காரர், குறிப்பாகச் சீனி வருத்தம் உள்ளவர், இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. இலங்கையில் அது உண்டு, மட்டக்களப்பிலிருந்தும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். செஃபுரொக்சிமோ குளொக்சசிலினோ அதை அசைக்காது. ஒழுங்காக மருந்து குடித்தும் காயம் ஆறாமல், விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால், "வயல்ல வேலை செய்றவர், சீனி இருக்கு, சீழ எடுத்துக் கல்ச்சர் பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேறொரு அன்டிபயோட்டிக்கை மாற்றி மாற்றிக் குடித்துப் பார்ப்பதை விட அந்த ஒரு பரிசோதனை பயன்படும்.

9. கைவிடக் கூடாத கடதாசிகள்

டிக்கெட் வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் எந்தத் தசைநார், எந்த எலும்பு, என்ன செய்தார்கள், எந்த அன்டிபயோட்டிக் என்பவை தெளிவாக இருக்கின்றனவா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, கைபேசியிலும் படம் பிடித்து வையுங்கள். தசைநார் தைத்தவர் பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கும் கிளினிக்குக்கும் ஒரே கிழமையில் அலைய வேண்டிவரும். இரண்டு இடத்திலும் அதைக் கேட்பார்கள்.

அடிதடியிலோ வீதி விபத்திலோ பட்டதென்றால் வைத்தியசாலைப் பொலிஸில் முறைப்பாடு பதியப்பட்டதா என்று வாட்டை விட்டு வருமுன் உறுதி செய்யுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பதற்கான படிவம் பொலிஸ் வழியாகத்தான் வரும். காயம் ஆறிய பிறகு போய்க் கேட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஆலையிலோ மெசினிலோ கூலி வேலையில் பட்டதென்றால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க வழி உண்டு. விபத்து நடந்ததை முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். வெளியில் வாங்கிய மருந்தின் பற்றுச்சீட்டு, நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, வேலைக்குப் போகாத நாட்களுக்கான மருத்துவச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள். விரலின் நிரந்தர இழப்பை மதிப்பிடுவது காயம் முழுதாக ஆறிய பின் நடப்பது. அதுவரை அந்தப் பைலை யாரிடமும் மூலப் பிரதியாகக் கொடுத்துவிடாதீர்கள்.